பழத்துக்குக் கஞ்சி

தனு 9, புதன்.

வாளையாறு கணவாய்ப் பக்கமிருந்து மார்கழிக் காற்று. விடியும் முன்பே ஆரம்பித்துவிட்டது. கொடியில் போட்ட புடவை கண் மூடித் திறப்பதற்குள் அப்பளம். உதட்டில் வெடிப்பு. வெண்ணெய் தடவினேன்.

நாளை ஏகாதசி. சாயங்காலம் நம் வீட்டில் பாராயணம், கிராமத்துப் பெண்கள் எல்லோரும். வாங்க வேண்டியது: ஆப்பிள், கொய்யா, எலுமிச்சை, கற்பூரம். ரேஷன் சீனி இருக்கிறது.

போன வருஷம் காலையில் நறுக்கி வைத்த ஆப்பிள் சாயங்காலம் செம்மண் நிறம். அடுத்த வீட்டுக்காரி தைலம் ஒரு துண்டை விரலால் தள்ளிவிட்டு, "துரு பிடிச்சிருக்கே டீ" என்றாள். மறக்குமா.

மருமகள் கமலா சொல்கிறாள்: "கவலைப்படாதீங்கோ அம்மா. ஹோம் சயன்ஸ்ல ஒண்ணு சொல்லித் தந்தா. பழத்து மேல மெலிசா தோல் மாதிரி ஒண்ணு போட்டுட்டா காத்து படாது, கறுக்காது. அதோடயே திங்கலாம்."

"என்னமும் பண்ணு, மானம் போகாமப் பாத்துக்கோ" என்றேன். என்ன தோல் என்று கேட்கவில்லை. அஞ்சாம் கிளாஸ்காரி பி.எஸ்ஸி.யிடம் போய்க் கேட்பதாவது என்று ஒரு இது.

மகன் மணி நாளை மறுநாள் பம்பாயிலிருந்து வருகிறான். குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. ஆனாலும் கமலா சித்திரை விஷு வரை என்னோடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். குழந்தை அம்முவும். அதுவரை வீட்டில் சத்தம்.

தனு 10, வியாழன். ஏகாதசி.

எழுதவே மனம் இல்லை.

காலையில் அடுக்களையில் க. வெள்ளைக் கஞ்சியைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள். அம்முவுக்கு மட்டும் தனியாகச் சாதம் வைத்திருந்தது. அந்தக் கஞ்சி, மணியின் வேஷ்டிக்கு என்று நினைத்தேன்.

பாராயணம் முடிந்து க. தட்டைக் கொண்டுவந்தாள். ஆப்பிள் இப்போதுதான் நறுக்கியதுபோல் வெள்ளை. மேலே லேசான மினுமினுப்பு. கொய்யாவும் வாடவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தைலம்: "காலம்பற நறுக்கினதா? என்னடீ மந்திரம்?"

அம்மு முந்திக்கொண்டது: "அம்மா கஞ்சியில முக்கினா!"

"கஞ்சியா? இன்னிக்கா?" தைலம் நீட்டின கையை எடுத்துக்கொண்டாள். "வேஷ்டிக்குக் கஞ்சி போட்டுப் பாத்திருக்கேன். பழத்துக்கு இஸ்திரியும் போட்டாச்சோ?"

எல்லோரும் சிரித்தார்கள். சாதக்கஞ்சி பட்டால் பத்து, தீட்டு மாதிரி. விரதக்காரி தொடக்கூடாது. அதுவும் பெருமாளுக்குக் காட்டின தட்டு.

"அம்மா, அது வந்து..."

"வாயைத் திறக்காதே. படிச்சுக் கிழிச்சது போறும்."

தட்டைப் பிடுங்கிக் கொல்லை வாழைக்குழியில் கொட்டினேன். வந்தவர்கள் கற்பூரத்தை ஒற்றிக்கொண்டு வெறும் கையோடு போனார்கள். க. அழவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

தனு 11, வெள்ளி. துவாதசி.

அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி. விரதம் முடிக்கிற பாரணைக்குப் புரோகிதர் வாத்தியார் வந்தார். இலையில் உட்கார்ந்ததுமே கேட்டார்: "நேத்திக்குக் கமலாவோட பழம் எப்படி? ஜவ்வரிசிக் கஞ்சி ஏகாதசிக்கு ஆகுமோன்னு ஆத்துக்கே வந்து கேட்டுட்டுப் போனா. அரிசி கூடாது, அம்மா விரதம்னு அத்தனை ஜாக்கிரதை. பேஷா ஆகும்னேன்."

மோர்ச் செம்பைக் கீழே வைத்தேன்.

ஜவ்வரிசி டப்பாவைத் திறந்து பார்த்தேன். காலி. கொல்லைக்குப் போனேன். துண்டுகளில் எறும்பு. ராத்திரி முழுக்க அந்தக் காற்றில் கிடந்தும் அப்படியே வெள்ளை.

மத்தியானம் மணி வந்தான். உள்ளே க. குரல்:

"விஷு வரைக்கும் இருக்கேன்னேன். வேண்டாம். நாங்களும் வரோம்."

"அம்மா ஒண்டியா இருப்பாளே டீ."

"நான் ஒரு வார்த்தை சொல்லறதைக் கேக்க முடியலை அவாளுக்கு. நான் இருந்து என்ன?"

தனு 12, சனி.

காற்று. கண்ணில் மண்.

சொல்லிவிடலாம் என்று அறை வாசல் வரை போனேன். க. அம்முவின் பாவாடைகளை மடித்துக்கொண்டிருந்தாள். "ட்ரங்குப் பெட்டிச் சாவி உங்கிட்டயா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

தெருவில் தைலம்: "மாட்டுப்பொண் கிளம்பறாளாமே?"

"குவார்ட்டர்ஸ் கிடைச்சிருக்கோன்னோ. பம்பாயாக்கும்" என்றேன், தலையை நிமிர்த்திக்கொண்டு. அது ஜவ்வரிசி என்று அவளிடமாவது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

கடையில் ஜவ்வரிசி வாங்கினேன்.

தனு 13, ஞாயிறு.

எல்லோரும் எழுந்திருக்கும் முன் அடுப்பு மூட்டினேன். ஜவ்வரிசி வெந்து கூழாகிவிட்டது. எலுமிச்சை பிழிந்தேன், சீனி போட்டேன், கொய்யாவை நறுக்கி முக்கினேன். க. போட்ட தோல் கண்ணுக்கே தெரியவில்லை. நான் போட்டது கட்டி கட்டியாக. வாழையிலையில் வைத்துத் தூக்கு டப்பாவில் அடைத்தேன்.

வண்டி வந்தது. ஒலவக்கோடு ஸ்டேஷனுக்கு நேரமாகிறது என்று மணி அவசரப்படுத்தினான். டப்பாவை க. கையில் கொடுத்தேன். திறந்தாள். ஒரு துண்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"கஞ்சி கெட்டியாயிடுத்தும்மா" என்றாள் மெதுவாக. "தண்ணி ஜாஸ்தி விட்டு, துணியில வடிகட்டணும்."

தப்பாக நினைத்துவிட்டேன், கமலா. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது.

"டப்பா பத்திரம். உன் மாமனார் வாங்கினது" என்றேன்.

அம்மு ஒரு துண்டைக் கடித்து, "பாட்டி, பல்லுல ஒட்டறது" என்று சிரித்தது. க.வும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். வண்டி கிளம்பிவிட்டது. விஷுவுக்கு வருவீர்களா என்று கேட்கவில்லை.

ஒரு துண்டு எனக்கென்று வைத்திருந்தேன். சாயங்காலம் பார்த்தேன். கஞ்சி படாத ஓரம் மட்டும் கறுப்பு.