அன்பளிப்பு அறையின் சக்கர நாற்காலி

ஜூன் 4

புதிதாக வென்று வந்த பேரவை உறுப்பினர்களுக்கு இன்று வகுப்பு எடுத்தேன். பரிசு வந்தால் என்ன செய்வது, சொத்து விவரத்தில் எதையெல்லாம் காட்டுவது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முடிந்ததும் எங்கள் பகுதி உறுப்பினர், முன்பு பள்ளி ஆசிரியை, ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மருத்துவக் கருவி விற்கும் கம்பெனி அவருடைய அம்மாவுக்கென்று அனுப்பியதாம். “எங்கம்மா என்னைவிட வேகமா நடப்பாங்க மேடம். நீங்களே வச்சுக்குங்க” என்றார்.

அன்பளிப்பு அறையில், கடிகாரங்களுக்கும் பேனாப் பெட்டிகளுக்கும் நடுவில் நிறுத்திப் பூட்டினேன். வருடக் கடைசியில் ஏலம். அலுவலகத்தாரும் அவர்கள் குடும்பத்தாரும் ஏலம் கேட்கக் கூடாது. சாவி என்னிடம்.

ஜூன் 19

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு. நாளை ஆபரேஷன்.

ஜூலை 8

வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு மாதம் காலை ஊன்றக் கூடாது. வாடகைக்கு எடுத்த நாற்காலி குளியலறைக் கதவில் நுழையவில்லை, திருப்பி அனுப்பினோம். குறுகலானது வாங்கலாம் என்றால், ஆபரேஷனுக்குப் பிறகு கையைக் கடிக்கிறது. எல்லாம் கட்டிலிலேயே. ஆயுள் முழுக்கப் பஸ்ஸில் நின்றபடியே டிக்கெட் கிழித்த மனுஷன். “தெரு இன்னும் அங்கேயேதான் இருக்கா?” என்று கேட்டார். நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

ஆபீஸில் அந்த அன்பளிப்பு அறையில் ஒன்று சும்மா நிற்கிறது. குறுகலானது.

ஜூலை 11

எடுத்து வந்துவிட்டேன். “ஆபீஸ்ல கேட்டியா?” என்றார் வீட்டுக்காரர். தலையை ஆட்டினேன்.

கேட்டேன். என்னிடமே.

ஜூலை 14

அப்பா வாசலில் உட்கார்ந்து போவோர் வருவோரிடமெல்லாம் சொல்கிறார்: “என் பொண்ணு ஆபீஸ்ல கொடுத்தது. அவளுக்கு அங்க அவ்வளவு மரியாதை.” கேட்டில் இடித்து இடது கைப்பிடியில் பெயின்ட் உரிந்துவிட்டது. ஏலத்துக்கு முன்னால் பூசிவிடலாம். இப்படியெல்லாம் யோசிக்க எப்போது கற்றேன்?

ஜூலை 29

ஊழியர்களுக்கான சொத்து விவரப் படிவம் வந்துவிட்டது. ‘சொந்தமில்லாமல் பயன்படுத்தும் பொருள்கள்’ என்ற வரி நான் போன வருடம் சேர்த்தது. அப்போது எங்கள் ஆபீஸ் டிரைவர் ஒரு கான்ட்ராக்டரின் பைக்கை ஓட்டிக்கொண்டிருந்தார். “ஓட்டத்தானே மேடம் வாங்கினேன், வச்சுக்கவா போறேன்?” என்றவரிடம், எல்லார் முன்னாலும், “பயன்படுத்துறதும் வாங்குறதுதான்” என்றேன். அந்த மனுஷனுக்கு முகம் எப்படிச் சுருங்கியது!

அந்த வரியில் ‘இல்லை’ என்று எழுதினேன். அழகான கையெழுத்து.

ஆகஸ்ட் 5

உறுப்பினர் வந்தார். அவர் பகுதி ஆஸ்பத்திரியில் இருந்த நாற்காலி உடைந்துவிட்டதாம். தான் ஒப்படைத்ததை அங்கே கொடுக்க முடியுமா என்று கேட்டார். ஏலம் வரைக்கும் எதுவும் வெளியே போகக் கூடாது, விதி அப்படி என்றேன். விதி அப்படித்தான். அதுதான் — அதைச் சொல்ல எனக்கு எப்படி வாய் வந்தது?

அவர் தயங்கக்கூட இல்லை. “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். உங்க வகுப்பைக் கேட்டுட்டுதானே அதை எடுத்துட்டு வந்தேன்.”

கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் காலி இடம். அவர் திறந்து காட்டச் சொல்லியிருந்தால்? சொல்ல மாட்டார். அவ்வளவு நம்பிக்கை.

ஆகஸ்ட் 6

அப்பாவிடம் சொன்னேன். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, “நீ சொல்லலேன்னா யாருக்குத் தெரியப்போவுது?” என்றார். “இன்னும் ஒரு மாசம். அதுக்கப்புறம் கொண்டுபோய் வையேன்.” நான் கட்டில் விரிப்பை உதறிப் போட்டேன். “அப்ப என்னை மறுபடியும் கட்டில்ல போடப்போற.”

ஆமாம் அப்பா.

படிவத்தைத் திரும்ப வாங்கி ‘இல்லை’யை அடித்து, நாற்காலி, எடுத்த தேதி, உரிந்த பெயின்ட் எல்லாம் எழுதிச் செயலாளரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நீங்களாம்மா?” என்றார்.

ஆகஸ்ட் 12

விளக்கம் கேட்டு மெமோ. தபால் பிரிவுக்கு மாற்றம். நாற்காலியை அறையில் திரும்ப நிறுத்திவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டேன். படியில் டிரைவர். நான் குனிந்துகொண்டேன். “டீ சாப்பிட்டீங்களா மேடம்?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 30

அப்பா என்னோடு பேசுவதில்லை. பெட்பேன் வேண்டுமென்றால் வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுகிறார்.

டிசம்பர் 20

ஏலம் நடந்ததாம், எங்கள் பகுதி உறுப்பினரும் வந்திருந்தாராம். தபால் பிரிவில் ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருந்தபோது யாரோ சொன்னார்கள்.

ஜனவரி 9

அப்பா கோல் ஊன்றி நடக்கிறார், கொஞ்ச தூரம்தான். இன்று பயிற்சிக்கு எங்கள் பகுதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கேட்டிலிருந்து உள்ளே போக ஊழியர் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிவந்தார். அப்பா உட்கார்ந்தார். இடது கைப்பிடியை விரலால் தடவினார். பெயின்ட் உரிந்த அதே இடம்.

“நம்ம வண்டிடி இது” என்றார். உடனே சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இதையும் அந்தத் தாள்ல எழுதணுமா?”

“வேண்டாம்ப்பா. டோக்கன் எடுத்திருக்கேன்.”

“காட்டு” என்றார். கொடுத்தேன். பழைய கண்டக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார். மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “சரி, தள்ளு” என்றார்.