உச்சிவேளைத் தூக்கத்துக்கு ஒரே கூரை கோரி

அனுப்புநர்:
க. கன்னியப்பன் (வயது 71),
உப்பளத் தொழிலாளி,
கீழத்தெரு, மரக்காணம் வட்டம்.

பெறுநர்:
அலுவலர் அவர்கள்,
சமூக நல்லிணக்க நிதிப் பிரிவு,
விழுப்புரம்.

பொருள்: உப்பளத்தில் இரு தெருவினருக்கும் தனித்தனிக் கொட்டகை கட்டும் உத்தரவை நிறுத்தி, ஒரே கொட்டகை கட்டித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. பத்து ஆண்டுகளுக்கு முன் ஊர்வலப் பாதை பற்றி எழுந்த அடிதடியில் எங்கள் கீழத்தெருவுக்கும் மாதா கோயில் தெருவுக்கும் பேச்சு நின்றது. அதுவரை நானும் அத்தெரு மரியதாஸும் அடுத்தடுத்த பாத்தியில் உப்பு வாரி, ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவர்கள். முதலில் முகத்தைத் திருப்பியவன் நான். அதை மறைக்கவில்லை.

2. விடியுமுன் பாத்தியில் இறங்கி, பத்து மணிக்குக் கரையேறுவோம். உப்பு ஏற்றும் லாரி வர மூன்றாகும். அதுவரைக்கும் நிழல் என்றால் வாய்க்காலோரம் இருந்த ஓலைக் கொட்டகைதான். வேறு வழியின்றி இரு தெருவினரும் அதில் படுத்தோம். அந்த நேரத்தில் பாத்தி நீரில் வானம் இறங்கிக் கிடக்கும். தூரத்து உப்புக் குவியல்கள் கானலில் மெல்ல மிதக்கும். கண் தானாக மூடும். எங்கள் தெருப் பாப்பாத்தி தலைக்கு வைத்த சும்மாட்டில் அந்தத் தெரு சாலம்மாளின் தலையும் சாய்ந்திருக்கும். எழுந்ததும் இருவரும் வேறு வேறு திசை பார்ப்பார்கள்.

3. போன ஆண்டு பங்குனியில் ஒரு நாள் மரியதாஸ் தூக்கத்தில் பேசினார். "டேய் கன்னியப்பா, உன் வரப்பு கசியுதுடா, எழுந்து போய்ப் பாருடா" என்றார். ஒன்பது ஆண்டுக்குப் பின் என்னைக் கூப்பிட்ட குரல். மண்வெட்டியோடு ஓடினேன். வரப்பு காய்ந்து உறுதியாக இருந்தது. திரும்பி வந்தபோதும் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கனவில் இன்னும் என் பாத்திக்கு அவர் காவல் இருக்கிறார் என்று அன்று தெரிந்துகொண்டேன். விழித்திருக்கையில் இன்றுவரை நாங்கள் பேசவில்லை.

4. கார்த்திகைப் புயலில் கொட்டகை போனது. இரு தெருவினரும் ஒரே தாளில் கையொப்பமும் கைரேகையும் இட்டுத் தங்கள் பிரிவின் நிதியில் கேட்டோம். ஓய்வெடுப்பது நல்லிணக்க நிகழ்ச்சி ஆகாது என்றும், தகராறு வராதிருக்க வாய்க்காலின் இருபுறமும் தனித்தனியே கட்டலாம் என்றும் உத்தரவு வந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, பிறகு செய்தித்தாளில் தமிழ் கற்றவன். ஆறு முறை படித்தேன். ஐயா, பிரிந்திருக்க எங்களுக்கு நிதி தேவையில்லை. அதை இனாமாகவே செய்துவந்தோம்.

5. இரு கரையிலும் குழி வெட்டியாயிற்று. திங்கட்கிழமை கான்கிரீட் போடுகிறார்கள். போட்டுவிட்டால் மரியதாஸ் அக்கரையில் தூங்குவார். அவர் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது.

ஆகவே அந்த வேலையை நிறுத்தி, ஒரே கரையில் ஒரே கூரை போட உத்தரவிட வேண்டுகிறேன். மேடையும் புகைப்படமும் வேண்டாம். தங்கள் பதில் வரும்வரை இக்கரைக் குழியில்தான் உட்கார்ந்திருப்பேன்.

இடம்: மரக்காணம் உப்பளம்
நாள்: 17.04.2025

இப்படிக்கு,
(ஒப்பம்) க. கன்னியப்பன்
(ஒப்பம்) ச. மரியதாஸ்

குறிப்பு: இரண்டாவது கையொப்பத்தை நான் கேட்டு வாங்கவில்லை. இன்று உச்சியில், பழைய கொட்டகை இடத்தில் கட்டிய தார்ப்பாய் நிழலில் படுத்திருந்த மரியதாஸின் பாயோரம் இத்தாளை வைத்து, பறக்காமல் ஒரு கல்லையும் பேனாவையும் வைத்துவிட்டுக் கண்ணயர்ந்தேன். விழித்தபோது கையொப்பம் இருந்தது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.