பிணைச்சலுக்குப் பூசிய வெண்ணெய்

என் பிள்ளைக்கு,

கானாவிலிருந்து தன் தாய் அனுப்பியதென்று நீ விரும்பிக் கூட்டிவந்தவன் கொண்டுவந்து தந்த ஷியா வெண்ணெயைக் காலுக்குப் பூசுகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். பொய். "உந்த மணம் எனக்கு ஒத்துவராது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, கிறீச்சிட்ட வாசல் கதவின் பிணைச்சலுக்குப் பூசினேன். மணம் மட்டுமல்ல என்பது உனக்குத் தெரியும்.

நேற்று மோர்னிங்சைட் வேலைத்தலத்தில் என்னோடு வேலைசெய்யும் கானாக்காரி மெமுனாவின் கையிலும் அதே மணம். கேட்டேன். பாம்புக்குப் பயந்து பயந்து ஷியா மரத்துக்குக் கீழே பழம் பொறுக்கி, கொட்டையை அவித்து, காயவைத்து, உடைத்து, வறுத்து, அரைத்து, பிறகு தண்ணீர் விட்டு வெண்ணெய் திரளும்வரை கையாலேயே அடிப்பார்களாம். அந்த ஊர்ப் பெண்களுக்குத் தங்கள் காசு என்று இருப்பது அதுதானாம். தன்னைப் படிப்பித்ததும் அதுதான் என்றாள்.

அவனையும் அதுதான் படிப்பித்திருக்கும். நானோ வீட்டுக்கு வந்தவனைக் கதிரையில் இருக்கக்கூடச் சொல்லவில்லை.

டப்பாவின் அடியில் மிஞ்சியதைக் கையில் பூசிக்கொண்டுதான் எழுதுகிறேன். தாளிலுள்ள கறை அதுதான்.

அந்தக் கதவு பிறகு சத்தமே போடவில்லை. நீ பெட்டியோடு போன காலையில் நான் குசினியில் சமைத்துக்கொண்டுதான் நின்றேன், கதவு திறந்தது கேட்கவில்லை.

இரண்டு பேரும் வாருங்கோ. வந்தால் மணியை அடியுங்கோ. கதவு எனக்குச் சொல்லாது.

அம்மா