தண்ணியைக் கட்டச் சொன்னேன்

18 ஜனவரி 1988, திங்கள்

பொங்கல் முடிந்து வேலை தொடங்கியது. ஐந்துகண் அணைக்கட்டின் தலைமதகு ஷட்டரை இன்று செயின் போட்டு வெளியே இழுத்தோம். நான்கு மாதமாகச் சேற்றில் கிடந்தது. திருகுத்தண்டு வளைந்து, பலகை மடங்கி, பார்க்கச் சகிக்கவில்லை. கச்சிராயபாளையத்து வெல்டர், “இத இன்னா சார் பண்றது? புதுசுதான் போடணும்” என்றான். ஒர்க் இன்ஸ்பெக்டர் நான். அளவெடுத்து எழுத வேண்டியது என் வேலை. இரண்டு தடவை தப்பாக அளந்தேன்.

சித்தாள்கள் எட்டுப் பேர். ஆஜர் எழுதும்போது ஆறாவதாக நின்றவள் ஜெயம்மாள், லஸ்கர் பாவாடையின் மனைவி. இந்த மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் அவர்தான். செப்டம்பரிலிருந்து சஸ்பெண்டில் இருக்கிறார். அவள் பெயரை நான் கேட்கவில்லை, எழுதிக்கொண்டேன். அவளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

21 ஜனவரி

மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் திருப்பியாயிற்று. ஜெயம்மாள் வந்திருந்தாள்.

25 ஜனவரி

எழுதிவிடுகிறேன். வாயால் சொல்லத் துப்பில்லை, இந்த நோட்டிலாவது உண்மை இருக்கட்டும்.

செப்டம்பர், மறியல் வாரம். இட ஒதுக்கீடு கேட்டு வழியெங்கும் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, ஜீப் இல்லை. ஏ.ஈ., எங்கள் உதவிப் பொறியாளர், ஆபீஸுக்குப் போன் செய்தார்: மலையில் பெருமழை, வெள்ளம் வருகிறது, உடனே நேரில் போய்த் தலைமதகை மூடச் சொல். அணைக்கு ஆறு கிலோமீட்டர். இரண்டாவது மரம் வரை நடந்தேன். அங்கே இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் எனக்கு வழிவிட்டு நகர்ந்துகூட உட்கார்ந்தார். ஆனாலும், எந்த ஊர், என்ன சாதி, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுவிட்டால்? எலவனாசூர்கோட்டையில் பிறந்தவன் இங்கே எதற்கு வந்தாய் என்றால்? யாரும் கேட்காத கேள்விக்குப் பயந்து திரும்பி வந்தேன்.

சாதுல்லா பாய் டீக்கடையில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் சைக்கிளில் கிளம்பிய விவசாயி ராஜாங்கத்தைக் கூப்பிட்டு, “வாய்க்கால் தண்ணியக் கட்டச் சொன்னேன்னு பாவாடைகிட்ட சொல்லு” என்றேன். அடைத்து நிறுத்து என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். ஆனால் எங்கள் பக்கம் தண்ணி கட்டுவது என்றால் வயலுக்குப் பாய்ச்சுவது! நானும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான், எனக்குத் தெரியாதா? மூடச் சொல்லு என்று ஒரு வார்த்தை — அது வரவில்லையே.

ராஜாங்கம் போய், “சார் தண்ணி கட்டச் சொன்னாரு” என்றிருக்கிறார். “மழ இருட்டிக்கினு வருதே, இப்ப எதுக்கு?” என்று பாவாடை கேட்டிருக்கிறார். ஆபீஸ் உத்தரவு என்றதும் மதகை முழுசாகத் திறந்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் வெள்ளம் வாய்க்காலுக்குள் புகுந்தது. மதகின் பக்கச் சுவர் சரிந்தது, கரை உடைந்தது, நாற்பது ஏக்கர் நெல் மணலுக்கடியில் போயிற்று.

விசாரணையில் கேட்டார்கள். நேரில் போய் மூடச் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்தேன். சைக்கிளில் ஆள் வந்தான் என்றார் பாவாடை. அந்த வாரம் ரோட்டில் இருந்தவர்களையெல்லாம் போலீஸ் தேடிக்கொண்டிருந்ததால் ராஜாங்கம், தான் அந்தப் பக்கம் போகவே இல்லை என்று சாதித்துவிட்டார். அவர் பயம் எனக்கு வசதியாகப் போயிற்று.

அவ்வளவுதான். எழுதியும் மனசு ஆறவில்லை.

2 பிப்ரவரி

பக்கச் சுவருக்குக் கான்கிரீட். ஜெயம்மாள் சட்டி சுமந்து ஏறும்போது கால் வழுக்கியது. ஓடிப்போய்ப் பிடித்தேன். “இருக்கட்டும் சார்” என்று கையை விலக்கிக்கொண்டாள். அவளுக்குத் தெரியுமோ?

9 பிப்ரவரி, செவ்வாய்

தெரியாது. தெரிந்திருந்தால் இன்று கேட்டதைக் கேட்டிருக்க மாட்டாள்.

சாப்பாட்டு வேளையில் வந்து நின்றாள். “ஒரு மனு எழுதிக் குடுங்க சார். ஒங்க எழுத்து நல்லா இருக்கும்னு சொல்றாங்க.”

“என்ன மனு?”

“அன்னிக்கு நீங்க நேர்ல வந்தது அவுருக்கு மறந்து பூடுச்சாம். சைக்கிள்ல ஆள் வந்தான்னு சொன்னது தப்புன்னு மன்னிப்புக் கேட்டு எழுதணும். அப்பவாச்சும் வேல குடுப்பாங்களான்னு பாக்கறோம்.”

“அவரா மறந்துட்டேன்னு சொன்னார்?”

“மொதல்ல இல்லன்னாரு. ஊரே திட்டிக்கினு இருந்தா யாருக்குத்தான் சார் சந்தேகம் வராது? ஒருவேள சார் வந்தாரோ என்னமோன்றாரு இப்ப.”

எழுதிக் கொடுத்தேன்! ஐயோ, உட்கார்ந்து முத்து முத்தாக எழுதினேன். “எனது ஞாபக மறதியை மன்னித்து” என்று. சாயங்காலம் பாவாடையின் கைநாட்டோடு கொண்டுவந்து, ஆபீஸில் கொடுத்துவிடச் சொல்லி என்னிடமே தந்தாள்.

நான் என்ன ஜென்மம்?

10 பிப்ரவரி

கொடுக்கவில்லை. பைக்குள் இருக்கிறது.

13 பிப்ரவரி

சாதுல்லா பாயிடம் போனேன். வழக்கம்போல் டீ வைத்தார். “பாய், அன்னிக்கு நான் இங்கேயேதான் இருந்தேன், இல்ல?” என்றேன்.

“அந்த பெஞ்சிலதான். ரெண்டு டீ குடிச்சீங்க.”

“யார்கிட்டயும் சொல்லலியே?”

“யாரும் கேக்கலியே. கேட்டா சொல்வேன். இப்ப நீங்க கேட்டீங்க, சொன்னேன்.”

டீயைக் குடிக்க முடியவில்லை. அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

15 பிப்ரவரி, திங்கள்

ஏ.ஈ. மேஜையில் இரண்டு காகிதம் வைத்தேன். ஒன்று பாவாடையின் மனு. இன்னொன்று என்னுடையது: நான் நேரில் போகவில்லை, இந்த மனுவில் உள்ள பொய்யும் என்னுடையது, எழுத்தும் என்னுடையது.

“ஆள் மூலமா சொல்லி அனுப்பினேன்னு போட்டிருக்கீங்க. யார் அந்த ஆள்? ராஜாங்கம்தானா?”

“அது வேண்டாம் சார். தப்பா சொல்லி அனுப்பினது நான்தான்.”

“கொளஞ்சியப்பன், ஒங்கள நம்பித்தானே அந்த மனுஷனக் கை கழுவினேன்” என்றார். திட்டியிருக்கலாம்.

7 மார்ச்

சஸ்பெண்ட் உத்தரவு வந்தது. என் பெயருக்கு.

19 ஜூன்

வேலையில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். பதவி இறக்கம், நைனார்பாளையம் பக்கம் ஏரிக்கரை வேலை. வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பாவாடை பழைய இடத்திலேயே சேர்ந்துவிட்டாராம்.

24 ஆகஸ்ட், புதன்

இன்று ஐந்துகண் தலைமதகு திறப்பு. அழைப்பு இல்லை. லீவு போட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போய்க் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். புது ஷட்டர், புதுத் திருகு. பாவாடை சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒரு சுற்று இளைத்திருந்தார். வயலை மூடிய மணலை அள்ளிக் கொட்டிவிட்டு மறுபடி நாற்று விட்டவர்களெல்லாம் கரையில், ராஜாங்கமும்.

ஏ.ஈ. தேங்காய் உடைத்துவிட்டு, “ம், ஆகட்டும்” என்றார்.

பாவாடை கையை எடுத்துவிட்டார். என்னைப் பார்த்துவிட்டார்.

“இன்னிக்கு நேர்லயே வந்துக்கிறாரு இல்ல? அவுரு வாயால சொல்லட்டும்.”

எல்லோரும் திரும்பினார்கள். ஜெயம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை வாய்க்குள்ளேயே சொன்னேன்.

“காதுல விழல சார்” என்றார் பாவாடை.

“தொறங்க” என்றேன். இத்தனை வருஷத்தில் அவருக்கு நான் ‘ங்க’ போட்டது அதுதான் முதல் தடவை.

“தொறக்கறதுதானே? கட்டறது இல்லியே?”

“தொறக்கறதுதாங்க.”

அப்புறம்தான் சக்கரத்தில் கை வைத்தார். பதினெட்டுச் சுற்று. தண்ணீர் வாய்க்காலில் இறங்கும் வரை தலை குனியாமல் நின்றேன், பிறகு பஸ்ஸுக்கு நடந்தேன்.