செந்தில் பிராக் போன வாரம்

ஜூலை 10, வியாழன்

விடியற்காலையிலிருந்து மழை. கரண்ட் ஐந்து மணிக்கு வந்து எட்டுக்குப் போய்விட்டது. அதற்குள் தண்ணீர் ஏற்றி, சோறு வடித்து, போனுக்குச் சார்ஜ் போட்டாயிற்று.

மகன் பிராக் நகரம் போய்ச் சேர்ந்துவிட்டான். பர்மாவை விட்டு ஜெர்மனி போய் முதியோர் இல்லச் சமையலறையில் சேர்ந்த பிறகு செந்திலுக்குக் கிடைத்த முதல் லீவு. ஞாயிறு வரை. கூட வேலை பார்க்கும் இருவரோடு பஸ்ஸில் போயிருக்கிறான்.

போட்டோ அனுப்பினான். ஆற்றின் மேல் பழைய கல்பாலம், இரு பக்கமும் கறுத்துப்போன சிலைகள். இவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

“இத்தனை சாமி நிக்குது, ஒண்ணுக்கும் ஒரு பூ இல்லையே.”

வாங்க வேண்டியவை: உப்பு, மெழுகுவத்தி, இவருடைய பிரஷர் மாத்திரை. மாத்திரை இரண்டு கடையிலும் இல்லை. அடுத்த வாரம் வருமாம்.

ஜூலை 11, வெள்ளி

பல் விளக்கப் போனவர் குளியலறை வாசலில் சரிந்து கிடந்தார். வாய் கோணி, வலது கை துவண்டு. என்னால் தூக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா டோ மியா ஓடி வந்தார். டாக்ஸி கிடைக்கவே வெகு நேரம். தின்கன்ஜூன் ரோடு முழுக்கத் தண்ணீர், வண்டி ஊர்ந்தது.

மூளையில் ரத்தக் கட்டு என்றார் டாக்டர். கொண்டுவரத் தாமதமாகிவிட்டதாம். மருந்து கொடுத்துப் பார்க்கலாமாம்.

மதியம் செந்தில் போன். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று பேசினேன். கேமராவைத் திறக்கவில்லை.

“அப்பா எங்கம்மா?”

“தூங்குறாரு.”

“பகல்ல தூங்க மாட்டாரே!”

“மழைப்பா.”

அங்கே ஒரு பழைய கடிகாரம். மணி அடித்தால் சின்ன ஜன்னல் திறந்து பொம்மைகள் வரிசையாகப் போகின்றன. காட்டினான். பார்த்தேன். நல்லாருக்குப்பா என்றேன்.

பையனிடம் ஏன் சொல்லவில்லை என்று டோ மியா கேட்டார். சொன்னால் வந்துவிடுவான். வந்தால் திரும்பப் போக முடியாது. இருபத்தாறு வயது, இங்கே பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் வயது. ஏர்போர்ட்டில் நாட்டை விட்டு வெளியே விட மாட்டார்கள். எதிர் வீட்டுப் பையனை ஷ்வேப்யிதா ஃபாக்டரியிலிருந்து வரும் வழியில் அப்படித்தான் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் அம்மா இன்னும் அவனுடைய சைக்கிளைத் துடைத்து வைக்கிறார்.

ஜூலை 12, சனி

நினைவு இருக்கிறது. பேச்சு இல்லை. கஞ்சி மூன்று ஸ்பூன், பாதி கடைவாயில் வழிந்தது.

காதருகில் கேட்டேன்: “செந்திலுக்குச் சொல்லட்டுமா?” இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். வேண்டாம், வேண்டாம். பிடித்த இடம் இன்னும் வலிக்கிறது.

அடுத்த கட்டில்காரரின் மகள் மீன்சாறு ஊற்றிய மொய்ங்கா நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தாள். ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டேன். அவ்வளவு பசி. வெட்கமாக இருந்தது.

செந்தில் படகில் போகிறானாம். “நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவை இங்க வரணும்மா. நடக்கவே வேணாம், ட்ராம்லயே சுத்தலாம்.”

“வரோம்பா.”

ஜூலை 13, ஞாயிறு

போன் அடித்ததும் இவர் கையை நீட்டினார். மகன் குரல் கேட்க வேண்டும் போல. எங்கள் பக்கக் கேமராவை விரலால் மூடிக்கொண்டு முகத்துக்கு நேரே பிடித்தேன். செந்தில் குன்றின் மேல் கோட்டையில். கீழே சிவப்பு ஓட்டு வீடுகள், ஆறு, வெயில்.

“அப்பா, தெரியுதா? இன்னைக்குக் கிளம்புறோம். அதான் உங்களுக்குக் காட்டிட்டுப் போலாம்னு...”

இவர் ஏதோ சொல்லப் பார்த்தார். ஒரு சத்தம்தான் வந்தது. இவர் குரலே இல்லை அது.

அந்தப் பக்கம் படம் ஆடியது. பிறகு வெறும் கல்தரை.

“அம்மா, அப்பாவுக்கு என்ன?”

எல்லாவற்றையும் சொன்னேன்.

“டிக்கெட் போடுறேன்.”

“வேணாம்பா.”

“மூணு நாளா நான் இங்க போட்டோ புடிச்சுக்கிட்டுத் திரியுறேன். நீ தனியா ஆஸ்பத்திரில...” அழுதான். பக்கத்தில் யாரோ அவனிடம் என்னவோ கேட்கும் குரல்.

இவர் போனைப் பிடித்து இழுத்தார். விரலை எடுத்துவிட்டேன். கோணிய வாயோடு மகனைப் பார்த்தார். நல்ல கையைத் தூக்கி வெளியே தள்ளுவதுபோல அசைத்தார். போ. போ.

செந்தில் என்னைக் கூப்பிட்டான். “நீ சொல்லும்மா. நீ வராதேன்னு சொன்னா வரல.”

பெற்ற பிள்ளையிடம் அந்தச் சொல்லைத் தமிழில் சொல்ல நாக்கு எழவில்லை. “மலானே,” என்றேன், பர்மிய மொழியில். மறுபடியும், “மலானே.”

ஜூலை 14, திங்கள்

மழை விடவில்லை. செந்தில் இன்று காலை ஷிஃப்ட் போய்விட்டானாம். கஞ்சி நாலு ஸ்பூன். இனி நடப்பது சந்தேகம் என்கிறார் டாக்டர்.

செந்தில் மெசேஜ் மேல் மெசேஜ். அப்பா சாப்பிட்டாரா. கண் திறந்தாரா. வலது கால் விரல் அசையுதா பாரும்மா.

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் போடவில்லை. போர்வையைத் தூக்கி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.