கொளஞ்சி மாமா கொண்டாந்த கோடிப்புடவை

மரக்காணம்
6-8-2006

அன்பு மவன் சிலம்பரசனுக்கு அம்மா எழுதறது. இங்க நான் சௌக்கியம், உங்கப்பாவும் சௌக்கியம். இன்னொரு தடவை படிச்சுக்கோ, உங்கப்பாவும் சௌக்கியம். பெங்களூர்ல நீ நல்லா இருக்கணும்னு மாரியாத்தாவை வேண்டிக்கிறேன். போன்ல பேசினா கத்திடுறேன், அதான் எழுதறேன்.

நீ டிவில வர்றேன்னு தெருவே நம்ம வீட்டுல வந்து உக்காந்துச்சு. உன் தங்கச்சி சரண்யா எல்லாருக்கும் முறுக்கு குடுத்தா. கோட்டு போட்டுக்கினு, உன் மூஞ்சி அச்சடிச்ச உப்புப் பாக்கெட்டைக் கையில வெச்சுக்கினு நீ பேசறப்ப எனக்கு நெஞ்சு பூரிச்சுப் போச்சு. அடுத்த நிமிஷமே, எங்கப்பாவை சுனாமி கொண்டுபோயிடுச்சு, அவர் உப்பளத்தைக் காப்பாத்தத்தான் இந்தக் கம்பெனின்னு சொன்னியே, அடப்பாவி, அவரு என் பக்கத்துல உக்காந்து முறுக்கு தின்னுக்கினு இருந்தாருடா! நம்ம உப்புப் பாத்தியெல்லாம் சேறாப் போனது வாஸ்தவம். அவரு அன்னைக்குத் திண்டிவனத்துல உன் அத்தை வீட்டுல இட்லி சாப்பிட்டாரு. கேட்டா, பிராண்டுக்கு ஒரு கதை வேணும், என் மூஞ்சிதான் இனிமே கம்பெனி, சோகம் இருந்தாத்தான் சனங்க மனசுல நிக்கும்னு எனக்கே பாடம் எடுக்கறே. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க, நீ உப்பிட்டவரையே கொன்னுட்டு உப்பு விக்கறியே.

செய்யாறுலேர்ந்து என் பெரியப்பா மவன் கொளஞ்சி, உனக்கு மாமா, டிவி பார்த்துட்டுப் பதறி ஓடியாந்துச்சு. ஒன்றரை வருஷமா சேதி சொல்லாம விட்டுட்டியே தங்கச்சின்னு தெருமுனையிலேர்ந்தே அழுதுக்கினு வந்துச்சு. கையில தாலி அறுத்தவளுக்குப் பொறந்த வீட்டுல போடற கோடிப்புடவை. கதவைத் தெறந்ததே உங்கப்பாதான். மாமா அப்படியே வாசல்ல உக்காந்துடுச்சு. அந்தப் புடவையை வீட்டுக்குள்ள வாங்கவும் கூடாது, திருப்பி எடுத்துக்கினு போவவும் கூடாதுன்னு வேலியில போட்டுட்டுப் போச்சு. இன்னும் அங்கதான் கிடக்குது, தண்ணி எடுக்கப் போறப்பல்லாம் கண்ணுல படுது. மீன் விக்கிற சவரியம்மா புருஷனை நெசமாவே தண்ணி கொண்டுபோச்சு, உனக்குத் தெரியும். அவ இப்ப நம்ம தெருவுக்கே வர்றதில்ல. எந்த மூஞ்சிய வெச்சுக்கினு நான் அவளைப் போய்க் கூப்பிடறது?

இதெல்லாம் கூடப் பொறுத்துப்பேன். டிவிக்காரங்க உப்பளத்தைப் படம் எடுக்க வர்றாங்க, ரெண்டு நாள் அத்தை வீட்டுக்குப் போயிடுங்கன்னு அவருகிட்டயே போன்ல சொல்லியிருக்கியே, அதைத்தான் என்னால தாங்க முடியலை. அந்த மனுஷன் ஒரு வார்த்தை கோவப்படலை. புள்ள பொழப்பு கெடக்கூடாதுன்னு பையில வேட்டி எடுத்து வெச்சிட்டாரு. நான் பையைக் கவுத்துக் கொட்டிட்டேன்.

டிவிக்காரங்களைக் கூட்டிக்கினு தாராளமா வா. உங்கப்பா பாத்தியில நின்னு உப்பு வாருவாரு, பக்கத்துல நின்னு இவருதான் எங்கப்பான்னு நீயே உன் வாயால சொல்லு. வேலியில கிடக்கிற புடவையையும் உன் கையால எடுத்துப் போடு. அதுக்கு மனசில்லன்னா நீயும் வராதே. வயித்துக்கு ஒழுங்கா சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளி, நீ நூறு வயசு நல்லா இருக்கணும். கல்யாணமான நாள்லேர்ந்து உங்கப்பா பேரை நான் வாயால சொன்னதில்ல, இன்னைக்கு எழுதறேன்.

இப்படிக்கு,
சிவஞானத்தோட பொண்டாட்டி,
உன் அம்மா விருத்தாம்பாள்