ஞாயிற்றுக்கிழமைப் பூஜ்யங்கள்

அக்டோபர் 14, செவ்வாய்

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் தினமும் இறங்கும் மீனின் எடையை ஆறு மாதமாகக் குறித்தது நான்தான். ஆராய்ச்சி செய்யும் ஷீபா அக்கா அதை வைத்து எழுதிய கட்டுரையை இன்று இதழுக்கு அனுப்ப இருந்தார். அதற்கு முன் எனக்கு வாசித்துக் காட்டினார். ஒரு நாள் சராசரி முன்பைவிடக் குறைந்துவிட்டதாம்.

என் நோட்டைப் புரட்டி ஞாயிற்றுக்கிழமைகளைக் காட்டினேன்.

"அக்கா, ஞாயிறு பூஜ்யத்தையும் சேத்துக் கூட்டுனியளா? அண்ணைக்கி நம்ம ஆளுவ கடலுக்குப் போவ மாட்டாவ. மாதா கோயிலுக்குல்லா போவாவ. கட்டத்தைக் காலியா விடாதேன்னு நீங்க சொன்னதுனால பூஜ்யம் போட்டேன்."

"ஏட்டி, இத இப்பமா சொல்லுவ? மீனே கெடைக்கலன்னுல்லா நெனச்சேன்!"

கட்டுரை போகவில்லை. கணக்கு முழுவதையும் திரும்பப் போட வேண்டும். நான் கிளம்பும்போது தினமும், "நாளைக்கும் வருவியா மக்கா?" என்று கேட்பார். பள்ளியை விட்டபின் என்னை அப்படிக் கேட்பவர் அவர் ஒருவர்தான். இன்று தலை நிமிரவே இல்லை.

என் நோட்டும் அவரிடமே இருக்கிறது. காலையில் படகுகள் வரும்போது கரையில் வெறுங்கையோடு நிற்கலாமா, தெரியவில்லை.